சிங்கப்பூரில் லேப்டாப் வாங்கி வரலாமா? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கேள்வி

பாளைச் செல்வி
2024 ஜூன் 3

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி சிங்கப்பூரில் இருக்கிறாள். இந்த மாதக் கடைசியில் அவளுக்குப் பேறுகாலம். நானும் மகளும் 14-ம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறோம். மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்புவோம்.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். வயது 17. சிவில் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கலந்தாய்வு இனிமேல்தான். எப்படியும் கல்லூரிக்கு ஒரு லேப்டாப் வேண்டும். கையில் 85,000 ரூபாய் வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். டியூஷன் எடுத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அதனால்தான் நூறு தடவை யோசிக்கிறேன்.

தங்கச்சி மாப்பிள்ளை போனில், "மதினி, இங்கே விலை குறைவு, நானே முன்கூட்டி வாங்கி வைத்துவிடட்டுமா" என்று கேட்கிறார். வாங்கச் சொல்லலாமா? நான் போய் வாங்குவது நல்லதா? அல்லது இங்கேயே வாங்கிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வள்ளியூர் தம்பி
2024 ஜூன் 3

அக்கா, அங்கேயே வாங்குங்கள். வரியும் திரும்பக் கிடைக்கும். நான் ஜப்பானில் பயிற்சிக்குப் போனபோது வாங்கினேன். அதில் ஒரு சிக்கலும் உண்டு, அப்புறம் விவரமாக எழுதுகிறேன்.


மேலப்பாளையம் பாய்
2024 ஜூன் 3

துபாயில் பதினான்கு வருடம் இருந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவருக்கு லேப்டாப் வாங்கி வருவேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் விஷயம், மாப்பிள்ளை வாங்கி வைக்க வேண்டாம். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி இந்த வருடம் ஜனவரி 1 முதல் 9 சதவீதம். போன வருடம் 8, அதற்கு முன்னால் 7. சுற்றுலாப் பயணிக்கு இந்த வரியைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே வேலை அனுமதியில் இருப்பவருக்கு அது கிடையாது. மாப்பிள்ளை பெயரில் பில் போட்டால் 9 சதவீதமும் போனதுதான். நீங்கள் கடைக்குப் போய், உங்கள் பாஸ்போர்ட்டை நேரில் காட்டி, உங்கள் பெயரில் வாங்க வேண்டும். நகல், போனில் உள்ள படம் எல்லாம் செல்லாது, அசல் பாஸ்போர்ட்டே வேண்டும். அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடையா என்று முதலில் கேளுங்கள். வரியோடு 100 டாலருக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும், வாங்கிய இரண்டு மாதத்துக்குள் பொருளோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். உங்களுக்கு இரண்டுமே பொருந்தும்.

இரண்டாவது, பணம் எப்படிக் கட்டப் போகிறீர்கள்? இதை யாரும் கேட்பதில்லை. நம் ஊர் கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் கூடுதலாக எடுக்கும். அந்த 3.5-க்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 4.13 சதவீதம்.

துபாய்க் கணக்கைச் சொன்னால் சட்டென்று புரியும். அங்கே வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம், சுற்றுலாவாக வருகிறவருக்குத் திருப்பித் தருவார்கள். 4,000 திர்ஹம் கொடுத்து வாங்கினால் அதில் வரி 190 திர்ஹம் சொச்சம். அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். கையில் வருவது 160 திர்ஹம் வாக்கில். கார்டுக்காக வங்கி எடுப்பது 165 திர்ஹம். வரி திரும்ப வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார்கள், உண்மையில் சில திர்ஹம் நஷ்டம். இதைச் சொல்லித்தர ஆளில்லாமல், சுற்றுலாவாக வந்த சொந்தக்காரர்கள் இப்படி விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் வரி கூடுதல் என்பதால் கொஞ்சம் மிஞ்சும். 2,000 டாலர் பில்லில் வரி 165 டாலர், கார்டு எடுப்பது 82 டாலர் சொச்சம். பாதி போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் சிங்கப்பூர் டாலராகவே ஏற்றிக்கொண்டு போனால் இந்த 4.13 இல்லை. ஏற்றும்போது வங்கி போடும் டாலர் விலையை மட்டும் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

அப்புறம் ஒன்று. கார்டு மெஷினில் "இந்திய ரூபாயிலேயே கட்டுகிறீர்களா" என்று கேட்கும். நம் பணம்தானே என்று சரி சொல்லிவிடாதீர்கள். அந்த மாற்று விலை மோசமாக இருக்கும். உள்ளூர்ப் பணத்திலேயே கட்டுங்கள்.


அம்பை வாத்தியார்
2024 ஜூன் 4

செல்வி அம்மா, நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டில் விலை குறைவு என்பது நம் மனதில் இருபது வருடத்துக்கு முன் பதிந்த எண்ணம். அப்போது உண்மை. இப்போது லேப்டாப்புக்கு இந்தியாவில் இறக்குமதித் தீர்வையே கிடையாது, உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி சுழியம். நாம் கட்டுவது 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும். அதைத்தான் மிச்சப்படுத்தப் பார்க்கிறோம். ஆனால் இங்கே வட்டியில்லாத் தவணை உண்டு, கார்டுத் தள்ளுபடி உண்டு, பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கும் வசதி உண்டு. ஜூன், ஜூலையில் மாணவர்களுக்கென்று தனிச் சலுகையும் விடுவார்கள். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும்.

இன்னொன்று, பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்று இன்னும் தெரியவில்லை. சில கல்லூரிகளில் முதல் வாரத்திலேயே இன்ன நினைவகம், இன்ன கிராபிக்ஸ் வேண்டும் என்று தாள் கொடுப்பார்கள். ஆகஸ்ட் வரை பொறுத்தால் என்ன? முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளோடு இருந்தவன். பொருளை முதலில் வாங்கிவிட்டுத் தேவையை அப்புறம் கண்டுபிடித்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.


வண்ணார்பேட்டை சர்வீஸ்
2024 ஜூன் 4

நான் வண்ணார்பேட்டையில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் மேஜைக்கு வருவதெல்லாம் வாங்கி ஒன்றரை, இரண்டு வருடம் கழித்து வருபவைதான். அதனால் நான் பார்க்கும் கோணம் வேறு.

போன வருடம் ஏர்வாடியிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். அப்பா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய லேப்டாப். வாங்கி ஏழு மாதம். ஒருநாள் காலையில் ஆன் ஆகவில்லை. கம்பெனியின் சேவை மையத்துக்குப் போனால், இந்த வரிசை எண் இந்தியாவுக்கு விற்றது இல்லை, உத்தரவாதம் செல்லாது, காசு கொடுத்தால் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மதர்போர்டு விலை புது லேப்டாப்பில் பாதி. அந்த மாடல் இந்தியாவிலேயே விற்கவில்லை என்பதால் போர்டு வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். பையனுக்குச் செமஸ்டர் புராஜெக்ட் அந்த மாதம். என்னிடம் வந்து அந்த அம்மா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. சிப் அளவில் வேலை பார்த்து எப்படியோ எழுப்பிக் கொடுத்தேன். எல்லா நேரமும் அப்படி அமையாது.

அதனால் அக்கா, விலையைக் கேட்கும் முன் இந்த இரண்டைக் கேளுங்கள். இதே மாடல் இந்தியாவில் விற்கிறதா? உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா?

மாடல் என்றால் டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் பெயர் இல்லை. அடிப்பக்க ஸ்டிக்கரில் எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும், அது. ஒரே பெயரில் பத்து மாடல் இருக்கும். திரை வேறு, பேட்டரி வேறு, நினைவகம் போர்டோடு ஒட்டியதா கழற்றி மாற்றக் கூடியதா என்பதும் வேறு. கடைசி எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறும், அது பரவாயில்லை. முன்பகுதி இந்தியாவில் விற்பதோடு ஒத்துப்போனால் கீபோர்டு, பேட்டரி, திரை எல்லாம் எனக்கு சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வந்துவிடும்.

உத்தரவாதம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆப்பிள் மேக்புக்குக்கு ஒரு வருட உத்தரவாதம் பொதுவாக எந்த நாட்டிலும் எடுபடும். ஏசரில் பல மாடல்களுக்குச் சர்வதேசப் பயணி உத்தரவாதம் என்று தனியாகவே உண்டு. லெனோவோவில் சில வரிசைகளுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை, வரிசை எண்ணைத் தளத்தில் இட்டால் தெரிந்துவிடும். டெல்லில் சர்வீஸ் டேக்கை, அதாவது அவர்கள் வரிசை எண்ணை, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்ற விண்ணப்பம் இருக்கிறது. கடைக்காரர் "வேர்ல்டு வாரண்டி" என்று வாயால் சொன்னால் நம்பக் கூடாது. கம்பெனியின் இந்திய உதவி மையத்துக்கு மாடல் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் போடுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

உத்தரவாதம் செல்லும் என்றாலும் நாம்தான் சேவை மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். இங்கே வாங்கினால் பல மாடல்களுக்கு வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.


பாளைச் செல்வி
2024 ஜூன் 4

படிக்கப் படிக்க நான் எவ்வளவு தெரியாமல் இருந்தேன் என்று புரிகிறது. பாய் சொன்னபடி மாப்பிள்ளையிடம் வாங்க வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன்.

வாத்தியார் சார், காத்திருக்கலாம் என்பது சரிதான். ஆனால் ஆகஸ்டில் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் ஒன்றாக வரும். அப்போது இந்தப் பணம் கையில் நிற்குமா என்று எனக்கே பயம்.

இன்னொரு குழப்பம். டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடிக்க என் பழைய லேப்டாப்பையும் சிங்கப்பூருக்கு எடுத்துப் போகிறேன். திரும்பும்போது கையில் இரண்டு இருக்கும். சுங்கத்தில் பிடிப்பார்களா? ஒன்றை மகள் பையில் வைத்துவிடலாமா?


கடையநல்லூர் காற்று
2024 ஜூன் 5

சுங்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். இந்தக் கேள்வி வாரம் ஒருமுறை வரும்.

18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். என்ன விலை என்றாலும் சரி. இது 2004-ம் வருட அறிவிப்பிலிருந்து இருக்கிறது. மற்ற பொருள்களுக்கு 2016-ம் வருடப் பயணப்பொதி விதிப்படி 2024 நிலவரத்தில் 50,000 ரூபாய் வரம்பு, லேப்டாப் அந்தக் கணக்கில் சேராது, தனி. போன வருடம் ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று அரசு அறிவித்தபோது எங்கள் ஊரே பதறிப்போனது. அதிலும் பயணி கையோடு கொண்டுவருவதற்கு விலக்கு இருந்தது.

உங்கள் மகளுக்கு 17 என்பதால் அவள் பெயரில் லேப்டாப் சலுகை கிடையாது. அவள் பையில் வைப்பது தீர்வாகாது. ஒருவர் வரம்பை இன்னொருவர் வரம்போடு சேர்த்துக் காட்டவும் விதி இடம் கொடுக்கவில்லை.

உங்கள் பழைய லேப்டாப்புக்கு வழி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் அதைக் காட்டி, ஏற்றுமதிச் சான்று என்று ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரிசை எண் அதில் இருக்கும். திரும்பும்போது "இது இங்கிருந்து போனது" என்று காட்ட அந்தத் தாள் போதும். இதற்காக விமான நிலையத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். பயன்படுத்திய பழைய பொருளை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் தாள் கையில் இருந்தால் நெஞ்சு படபடக்காது.

புது லேப்டாப்பே இரண்டு கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். 2024 நிலவரப்படி இரண்டாவது லேப்டாப் 80,000 ரூபாய் என்றால், வேறு பொருள் எதுவும் இல்லாதபோது 50,000 கழியும். மீதி 30,000-க்கு 38.5 சதவீதம், அதாவது 11,550 ரூபாய் கட்ட வேண்டும். டிவி நிலைமை இன்னும் மோசம். தட்டை டிவிக்கு இலவச வரம்பே கிடையாது, 2013 ஆகஸ்டிலிருந்து முதல் ரூபாயிலிருந்தே தீர்வை. தங்கச்சி வீட்டில் "டிவியும் ஒன்று எடுத்துட்டுப் போங்களேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லேப்டாப் கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி (Wh) அளவுக்குள் உள்ள பேட்டரிக்கு விமானத்தில் தனி அனுமதி தேவையில்லை, சாதாரண லேப்டாப் எல்லாம் அதற்குள்தான். பவர் பேங்க் வாங்கினால் அதுவும் கைப்பையில்.


கோவில்பட்டி அச்சகம்
2024 ஜூன் 5

தொழிலுக்கு வாங்குகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இங்கே வாங்குங்கள். அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டு பில்லில் அது கிடையாது. செல்வி அக்காவுக்கு இது பொருந்தாது.


வள்ளியூர் தம்பி
2024 ஜூன் 6

சொன்னபடி எழுதுகிறேன். 2019-ல் ஜப்பானில் வாங்கினேன். லேப்டாப் இன்றைக்கும் ஓடுகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் கீபோர்டு ஜப்பானியது. ஸ்பேஸ் பட்டை குட்டையாக இருக்கும், அதன் இரண்டு பக்கமும் ஜப்பானிய எழுத்துப் பொத்தான்கள். @ குறி பி பக்கத்தில். இரட்டை மேற்கோள் குறி 2-க்கு மேலே. அமைப்பில் ஆங்கிலம் என்று மாற்றினால் பொத்தானில் எழுதியிருப்பது ஒன்று, திரையில் விழுவது ஒன்று. நிரல் எழுதுகிறவனுக்கு அடைப்புக்குறி தேடியே பாதி நாள் போகும். ஆறு மாதம் ஆனது கை பழக.

தமிழ் அடிப்பதற்கு மட்டும் தொந்தரவே இல்லை. தமிழ்99 விசை அமைப்பு பழகியவர்களுக்குப் பொத்தானில் என்ன எழுதியிருந்தால் என்ன, கை தானாகப் போகிறது.

சிங்கப்பூரில் அமெரிக்க ஆங்கில கீபோர்டுதான் வரும், நம் ஊரில் இருப்பது போலவே. 4-ம் எண்ணில் ரூபாய்க் குறி இருக்காது, அவ்வளவுதான். ஆனால் அக்கா, விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில லேப்டாப்பில் "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" என்று போட்டிருப்பார்கள். அதில் வந்த மொழியைப் பின்னால் மாற்ற முடியாது. ஆங்கிலத்தில் வந்தால் நமக்குப் பிரச்சினை இல்லை. வேறு நாட்டில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.


மேலப்பாளையம் பாய்
2024 ஜூன் 6

தம்பி சொன்னது சரி. துபாயில் வாங்கினால் அரபியும் ஆங்கிலமும் சேர்ந்த கீபோர்டு. ஆங்கிலம் வழக்கமான இடத்தில்தான் இருக்கும், பார்க்கக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது.


பாளைச் செல்வி
2024 ஜூன் 7

மகள் மேக்புக்தான் வேண்டும் என்கிறாள். தோழி வாங்கியிருக்கிறாளாம். வண்ணார்பேட்டை அண்ணாச்சி, உத்தரவாதம் எங்கேயும் செல்லும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதையே வாங்கிவிடலாமா?


வண்ணார்பேட்டை சர்வீஸ்
2024 ஜூன் 7

நல்ல பொருள்தான் அக்கா, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாப்பா சிவில் படிக்கப் போகிறாள். ஆட்டோகேட் மேக்கில் ஓடும். ரெவிட், ஸ்டாட் புரோ, ஈடேப்ஸ் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாம் விண்டோஸுக்கு மட்டும்தான். இரண்டாம் வருடத்திலிருந்து அவைதான் சோறு போடும். மேக்கை வாங்கிவிட்டு கல்லூரி ஆய்வகத்தில் இடத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாப்பாவிடம் நீங்கள் சொல்வதைவிட, ஏற்கெனவே சிவில் படிக்கும் ஒரு அக்காவிடம் பேசவிடுங்கள்.

16 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி, தனி கிராபிக்ஸ் சிறியதாக ஒன்று. நினைவகம் பின்னால் கூட்டிக்கொள்ளும்படி ஒரு காலி இடம் இருந்தால் இன்னும் நல்லது. எடை இரண்டு கிலோவுக்கு மேல் போக வேண்டாம், விடுதிக்கும் வகுப்புக்கும் தினமும் சுமக்கப் போகிறவள் அவள்.

முக்கியமான ஒன்று. சிங்கப்பூருக்குப் போன முதல் வாரமே வாங்கிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்காதீர்கள். டப்பாவைப் பிரித்து, ஆன் செய்து, திரையில் புள்ளி விழுந்திருக்கிறதா, எல்லாத் துளைகளும் வேலை செய்கின்றனவா, கேமரா, வைஃபை, ஒலி எல்லாம் பாருங்கள். ஒரு வாரம் தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். புதுப் பொருளில் பழுது இருந்தால் முதல் சில நாளிலேயே காட்டிக்கொடுக்கும். அப்போது நீங்கள் அந்தக் கடைக்குப் பேருந்தில் போய்விடலாம். பாளையிலிருந்து போக முடியாது.

சார்ஜரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அடாப்டர் செங்கலில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கும், நம் கரண்டுக்கு அப்படியே ஓடும். சிங்கப்பூர் பிளக் சதுரக் கால். மாற்று பின் வைத்துத் தொங்கவிடாதீர்கள், தளர்ந்து பொறி அடிக்கும். அடாப்டரையும் சுவரையும் இணைக்கும் அந்த ஒரு வயரை மட்டும் இங்கே வாங்கி மாற்றினால் போதும். சில நூறு ரூபாய். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள்.


அம்பை வாத்தியார்
2024 ஜூன் 8

வண்ணார்பேட்டைத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். இவ்வளவு சரிபார்த்து வாங்கினால் வாங்கலாம். ஆனால் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. எல்லாக் கழிவும் போக 5,000 ரூபாய்க்குக் குறைவாக மிச்சமானால் அங்கே வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவையை விட்டுக்கொடுக்கிறோம் அல்லவா, அதற்கு அந்த விலையாவது வேண்டும்.


பாளைச் செல்வி
2024 ஜூன் 21, சிங்கப்பூரிலிருந்து

தங்கச்சிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பேறுகால மருந்தும் அல்வாவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. எல்லாரும் விசாரித்திருந்தீர்கள், நன்றி.

மகள் மேக் ஆசையை விட்டுவிட்டாள். பக்கத்துத் தெருவில் சிவில் மூன்றாம் வருடம் படிக்கும் பெண்ணிடம் ஒரு மணி நேரம் பேசினாள், அதோடு சரி.

நேற்று இரண்டு கடை பார்த்தோம். முதல் கடையில் ஒன்று மிக மலிவு. அடிப்பக்க எண்ணை இந்தியத் தளத்தில் தேடினால் அப்படி ஒரு மாடலே இல்லை. ஏர்வாடி அம்மா நினைவுக்கு வந்தார்கள், விட்டுவிட்டோம். இரண்டாவது கடையில் பார்த்தது இந்தியாவிலும் விற்கிறது. வரியோடு 1,349 டாலர். இன்றைக்கு ஒரு டாலர் 62 ரூபாய் வாக்கில், ஆக 83,600 ரூபாய். ஊரில் அதே மாடல் 86,990. அதில் வரி 111 டாலர். கட்டணம் போக 90 டாலர் திரும்ப வந்தாலும் 5,500 ரூபாய்க்கு மேல். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 9,000 மிச்சம். வாத்தியார் சார் போட்ட எல்லையைத் தாண்டிவிட்டது. ஃபாரெக்ஸ் கார்டில்தான் பணம் இருக்கிறது.

இந்திய உதவி மையத்துக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் வாங்குவேன். கடைக்காரருக்கு அவசரம், எனக்கில்லை.


பாளைச் செல்வி
2024 ஜூன் 24

பதில் வந்துவிட்டது. இந்த வரிசைக்கு ஒரு வருடம் இந்தியாவில் செல்லும், சேவை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கீழே விழுந்து உடைவதற்கு எடுக்கும் கூடுதல் காப்பீடு மட்டும் செல்லாது என்று எழுதியிருக்கிறார்கள். கடைக்காரர் அந்தக் கூடுதல் காப்பீட்டைத்தான் விற்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மட்டும் வாங்கிவிட்டேன். பாஸ்போர்ட் காட்டி, என் பெயரில் பில். மகள் விடிய விடிய ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

பாய், விமான நிலையத்தில் எப்படிச் செய்வது?


மேலப்பாளையம் பாய்
2024 ஜூன் 24

பேத்தி மாதிரி வந்திருக்கும் குழந்தைக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

சாங்கியில் தானியங்கி இயந்திரம் வரிசையாக இருக்கும். பாஸ்போர்ட்டை வைத்தால் நீங்கள் வாங்கியது திரையில் வரும். லேப்டாப் கைப்பையில்தான் என்பதால் குடிநுழைவு தாண்டிய பிறகும் செய்யலாம். அதிகாரி பார்க்க வேண்டும் என்றால் பொருளைக் காட்ட வேண்டும், பில்லும் அதோடு இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்புகிற பொருள் ஏதாவது இருந்தால் மட்டும் பெட்டியைக் கொடுக்கும் முன்னாலேயே செய்துவிட வேண்டும். நேரம் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்று விமானம் ஒன்றாகக் கிளம்பினால் வரிசை நீளும்.


பாளைச் செல்வி
2024 ஜூலை 8

வெள்ளிக்கிழமை ஊர் வந்து சேர்ந்தோம். சாங்கியில் பத்து நிமிடத்தில் முடிந்தது, 90 டாலருக்குக் கொஞ்சம் மேலே கையில் வந்தது. திருவனந்தபுரத்தில், தீர்வை கட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் வந்தோம். ஒரு அதிகாரி மட்டும் பையில் இரண்டு லேப்டாப் இருப்பதைப் பார்த்து நிறுத்தினார். பழையதற்குச் சான்றையும் புதியதற்கு பில்லையும் காட்டினேன். பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். கடையநல்லூர் அண்ணாச்சி அந்தத் தாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் அங்கே நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

இன்று காலை வண்ணார்பேட்டைக்குப் போய் வயரும் மாற்றியாகிவிட்டது. அண்ணாச்சி கடைதான் அது என்று போன பிறகுதான் தெரிந்தது. வயருக்குக் காசு வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.


வண்ணார்பேட்டை சர்வீஸ்
2024 ஜூலை 8

அக்கா, ஒரு வேலை பாக்கி. நீங்கள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. கம்பெனித் தளத்தில் வரிசை எண்ணைப் போட்டால் நாடு சிங்கப்பூர் என்றே காட்டும். பில்லையும் அந்த மின்னஞ்சல் பதிலையும் இணைத்து, இந்தியாவுக்கு மாற்றித் தரச் சொல்லி இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். பழுதான பிறகு கேட்டால் மாற்றி முடிக்கவே இரண்டு வாரம் ஓடிவிடும். பில் வெயிலில் மங்கிவிடும் தாள், அதையும் படம் எடுத்து வையுங்கள்.


பாளைச் செல்வி
2024 ஜூலை 11

விண்ணப்பித்தேன். இன்று நாடு இந்தியா என்று மாறியிருக்கிறது. உத்தரவாத முடிவு 2025 ஜூன் 23. பில் படத்தை மகள் போனிலும் என் போனிலும் வைத்தாயிற்று.